பாக்கியநாதன் வீட்டு மூன்றடிக் குளம்

பினாங்குத் துறைமுகத்தில் கடல் எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு வற்றும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் பாக்கியநாதன். பத்தொன்பது வருஷமாக அவருக்கு அதுதான் வேலை. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பெரிய புத்தகத்தைப் பிரித்து, அன்றைக்குக் கடல் ஏறும் மணி, ஏறும் அடி, வற்றும் மணி எல்லாவற்றையும் வாசல் கரும்பலகையில் எழுதுவார். அதைப் பார்த்துத்தான் படகுக்காரர்கள் கயிற்றை அவிழ்ப்பார்கள். ஒரு நாளும் ஓர் எண்ணைத் தப்பாக எழுதியதில்லை என்று மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இப்பேர்ப்பட்டவர்தான் தன் வீட்டுக் கொல்லையில் ஒரு குளத்தைத் தோண்டிவிட்டு எட்டு மாதம் திண்டாடினார்.

வீடு புலாவ் திக்குஸில், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். பிள்ளைகள் இல்லை. மனைவி அமலம்மாளுக்கு இடது காலில் யானைக்கால் வீக்கம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ரிக்‌ஷாவில் போய்வருவதோடு சரி. பாசார் என்று அங்கே சொல்லும் சந்தைப் பக்கம் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. கத்தோலிக்கக் குடும்பம் என்பதால் வெள்ளிக்கிழமை வீட்டில் இறைச்சி கிடையாது, மீன்தான். அலுவலகம் விட்டுப் பாக்கியநாதன் பாசாருக்குப் போய்ச் சேருவதற்குள் கண் குழிந்து வயிறு வெடித்ததுதான் மிஞ்சியிருக்கும். அதையும் வாய் பேசாமல் புளி ஊற்றிக் குழம்பு வைப்பார் அமலம்மாள். 1928ஆம் வருஷத் தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, அமலம்மாள் அந்தக் குழம்பில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பாக்கியநாதனுக்குச் சுருக்கென்றது.

"இரு, அடுத்த தவக்காலத்துக்கு உனக்கு உயிர் மீனா பிடிச்சுத் தர்றேன், பாரு" என்றார்.

ஈஸ்டர் முடிந்த கையோடு மண்வெட்டியை எடுத்தார். முதலில் ஒன்றரை அடி. ஆயர் ஈத்தாமில் ஒரு சீனத் தோட்டக்காரரிடம் கெண்டைக் குஞ்சுகள் வாங்கி வந்து விட்டார். மூன்றாம் நாள் உச்சி வெயிலில் தண்ணீர் கொதித்துக் குஞ்சுகள் மல்லாந்துவிட்டன. மிச்சத்தைக் கொக்கு வந்து ஆற அமர உட்கார்ந்து தின்றுவிட்டுப் போனது. ஆழம் போதவில்லை என்று முடிவு கட்டி ஐந்தடிக்குத் தோண்டினார். நாலடியைத் தாண்டியதும் அடியிலிருந்து தண்ணீர் தானாகவே ஊறி வந்தது. "ஊத்து! நம்ம கொல்லையில ஊத்து!" என்று குழிக்குள் நின்றபடியே கத்தினார் மனிதர். மறுநாள் அலுவலகம் பூராவும் அதே பேச்சு.

புதுக் குஞ்சுகள் பத்து நாள் துள்ளி விளையாடின. பதினோராம் நாள் காலையில் அத்தனையும் செத்து மிதந்தன. மறுபடி வாங்கி விட்டார். மறுபடியும் அதே கதை. அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த கோயில் காலண்டரில் மீன் செத்த நாளுக்கெல்லாம் பென்சிலால் சிலுவை போட்டு வைத்தார். எரிச்சலில் அவருக்குத் தோன்றிய வைத்தியம் ஒன்றுதான்: இன்னும் ஆழம். குளம் ஆறடி ஆயிற்று. குளத்துத் தண்ணீர் ஊற்றிய கறிவேப்பிலைச் செடியும் கருகியது. அப்போதாவது ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாதா? பார்க்கவில்லை. படித்தவர் அல்லவா!

பக்கத்து வீடு மீரா சாகிப்புடையது. ஜவுளி வியாபாரி; பகலெல்லாம் கடையில் இருப்பார். அவர் மனைவி ஆசியா பீவி, அமலம்மாளைவிட இரண்டு வயது சின்னவர். இரண்டு கொல்லைக்கும் நடுவே செம்பருத்தி வேலியில் ஓர் ஆள் நுழையும் சந்து இருந்தது. பாக்கியநாதன் அலுவலகம் போனதும் ஆசியா பீவி அந்தச் சந்து வழியாக வந்துவிடுவார். அமலம்மாளுக்குப் பேச்சுத்துணை என்று இந்த ஊரில் இருந்தது அவர் ஒருவர்தான்.

ஆகஸ்டில், ஆழப்படுத்திய பிறகு மூன்றாம் தடவையாக மீன் செத்த காலையில், பாக்கியநாதன் கோபம் மூக்குக்கு மேல் ஏறி நின்றார். வேலிக்கு அந்தப் பக்கம் ஆசியா பீவி துணி துவைத்த சவுக்காரத் தண்ணீர் நுரையோடு கால்வாயில் ஓடிக்கொண்டிருந்தது. அகப்பட்டது காரணம் என்று நினைத்துக்கொண்டார். ஆசியா பீவி, செத்த மீனைப் பார்த்துவிட்டு, ஈரக்கையோடு சந்துக்கு வந்து, "அண்ணே, அது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"வாய மூடும்மா! சவுக்காரத்த ஊத்திச் சாவடிச்சுட்டு ஆறுதல் வேற சொல்ல வந்துட்டியா? இனிமே இந்தப் பக்கம் வராதே!"

ஆசியா பீவி சிவந்த முகத்தோடு திரும்பிப் போனார். அன்று மாலையே பாக்கியநாதன் நாலு பலகை வாங்கி வந்து வேலிச் சந்தில் அடித்து மூடினார். ஒவ்வோர் ஆணிக்கும் அமலம்மாள் சமையற்கட்டில் திடுக்கிட்டதை அவர் கவனிக்கவில்லை. "உனக்காகத்தானே இவ்வளவும் பண்றேன்" என்று மட்டும் சொன்னார். நவம்பரில் மீரா சாகிப் கடலுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் கடை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். சாமான் வண்டி கிளம்பியதைப் பலகை இடுக்கு வழியாகத்தான் பார்த்தார் அமலம்மாள்.

டிசம்பரில் அலுவலகத்தில் வருஷக் கணக்கைப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். கடல் ஏறிய அடிகளை நாள்வாரியாக எழுதிக்கொண்டே வந்த பாக்கியநாதன், ஜூனில் ஓர் ஒன்பதடிப் பெரிய ஏற்றம் வந்ததும் பேனாவை நிறுத்தினார். அந்தத் தேதி எங்கேயோ பார்த்த தேதி. ஜூலையில் ஓர் ஒன்பதடி. ஆகஸ்டில் ஒன்று. மூன்றுமே காலண்டரில் சிலுவை போட்ட நாள்கள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார். செருப்பைக்கூடக் கழற்றாமல் குளத்தில் கையை விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு. பெரிய ஏற்றம் வரும்போதெல்லாம் கடல் மணலுக்கடியில் புகுந்து குளத்துக்குள் வந்து போயிருக்கிறது. ஊரிலுள்ள படகுக்கெல்லாம் கடல் எப்போது வரும் என்று எழுதிப் போட்டவருக்கு, தன் கொல்லைக்கு அது வந்தது தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டார். பலகைகளைப் பிடுங்கி எறிந்தார். அந்தப் பக்கம் பூட்டிய வீடுதான் இருந்தது.

குளத்தைப் பாதிக்கு மண் போட்டு மூடினார். அடியில் களிமண்ணை மிதித்து இறுக்கி, மூன்றடியில் நிறுத்தி, குழாய்த் தண்ணீர் விட்டு, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். இந்தத் தடவை ஒரு மீன்கூடச் சாகவில்லை. அடுத்த தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு சாண் நீளக் கெண்டை இரண்டைப் பிடித்துச் சமையற்கட்டுக்குக் கொண்டுபோனார். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பூரிப்பு முகத்தில் தெரிந்தது. அமலம்மாள் மீனைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"மொதல்ல ஆசியாவுக்குக் கொண்டுபோய்க் குடுங்க. அப்புறம் நான் சாப்பிடுறேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மண்ணெண்ணெய் டின்னைத் தேய்த்துக் கழுவி, தண்ணீரும் நாலு மீனும் விட்டு, பெரிப் படகு ஏறிக் கடலைத் தாண்டி, பஸ் பிடித்துக் கெப்பாலா பத்தாஸ் போய்ச் சேர்ந்தார் பாக்கியநாதன். வழியெல்லாம் தண்ணீர் தளும்பிக் கால்சட்டை நனைந்துவிட்டது. கடைக்குப் பின்னால் இருந்த வீட்டு வாசலில் ஆசியா பீவி வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கப் பாக்கியநாதன் வாயெடுப்பதற்குள் அவர் டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூணடியில நிறுத்திட்டீங்களா, அண்ணே?"

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"எங்க கொல்லையில பழைய கெணறு இருந்துச்சுல்ல? நாலடி தாண்டுனா உப்புத்தான் லா. அதனாலதான் மூடிப்போட்டோம். செத்த மீனப் பாத்ததும் அன்னிக்குத்தான் அது நெனப்பு வந்துச்சு; அதச் சொல்லத்தான் வந்தேன். நீங்க எங்க பேச விட்டீங்க?"

பாக்கியநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆசியா பீவி கோபிக்கவில்லை. தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தார். காலிக் கிளாஸைத் திரும்ப வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அக்கா கால் எப்படி இருக்கு? இப்ப யாரு எண்ணெய் போட்டு நீவி விடுறா?"

காலுக்கு ஒருவர் தினமும் எண்ணெய் போட்டு நீவி விட்டுக்கொண்டிருந்தார் என்பதே பாக்கியநாதனுக்கு அப்போதுதான் தெரியும். என்ன எண்ணெய், எவ்வளவு சூடு, மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் எண்ணெயைக் காய்ச்சி எடுத்து வந்து மனைவியின் காலடியில் உட்கார்ந்தார். குறித்து வந்தபடி, ஒன்று தப்பாமல், கணுக்காலிலிருந்து மேலே மெதுவாக நீவினார். அமலம்மாள் கண்ணை மூடிக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் கடைசியில். "ஆனா அவ பேசிக்கிட்டே நீவுவா."

பாக்கியநாதன் என்ன பேசலாம் என்று யோசித்துப் பார்த்தார். நாளைக்குக் கடல் ஏறும் நேரத்தைத் தவிர அவருக்கு ஒன்றும் வரவில்லை.