தகப்பன் காணாத முகம்

சட்டன் நகரில் எங்கட வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கராஜை ஓர் இத்தாலிக்காரிக்கு வாடகைக்கு விட்டிருந்தோம். படம் வரைகிறவ. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஓரிடத்தில் இருக்கமாட்டா. தேத்தண்ணி குடுத்தால் தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்துதான் குடிப்பா. "இவவுக்குக் காலில சைக்கிள் சில்லுப் பூட்டிக் கிடக்கு" என்பார் என் கணவர்.

அவவின் தகப்பன் பேர்போன ஓவியர். ஆள் போய்ச் சேர்ந்தும் பேர் போகவில்லை. மியூசியக் கடைகளில் அவருடைய படம் போட்ட குவளை, குடை எல்லாம் விற்கிறார்கள். மகள் எதை வரைந்தாலும், பார்க்கிறவர்கள் அதில் அப்பாவைத்தான் காண்பார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டால் போதும், அந்தப் படத்துக்கு மேலே வெள்ளை பூசிவிடுவா. கராஜ் சுவரோரம் வெள்ளைப் படங்களாகவே சாய்ந்து கிடந்தன.

அந்த வருசம்தான் முதல்முறையாக அவவின் படங்களை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி. அதில் ஒரு படத்தையாவது அப்பாவின் பேரை எடுக்காமல் ஆட்கள் பார்க்கவேண்டும். அவ்வளவுதான் அவவின் ஆசை. அதற்காக என் கணவரைக் கதிரையில் இருத்தி வரைந்தா. வேலையால் வந்து ஒரு சொக்ஸைக் கழற்றிவிட்டு, மற்றதைக் கழற்றப் பஞ்சிப்பட்டு அப்படியே சாய்ந்து இருப்பாரே, அந்தக் கோலத்தில்.

முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினா. இவருக்கு வலு புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், தொட்டிலை எட்டிப் பார்த்து எங்கட ஆக்கள் முதலில் என்ன சொல்லுவார்கள்? அப்பனை உரிச்சு வைச்சிருக்கு என்பார்கள். இவரும் கையைத் தட்டி, ஆங்கிலத்தில் அதையே சொன்னார். "அப்படியே உங்கட அப்பா!"

அவ வெள்ளைப் பெயின்ட் டின்னின் மூடியைத் திறந்தா.

"இஞ்சேருங்கோ, வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்க ஏலாதோ?" என்றேன்.

"நான் புகழ்ந்தனான்தானே! என்னை ஆரும் அப்பிடிச் சொன்னா றோட்டில நிண்டு ஆடுவன்."

நான் அவவின் கையைப் பிடித்தேன். "இவர் உங்கட அப்பாவின்ர படம் ஒண்டையும் காணேல்லை. ஒருக்கால் குடையைக் கண்டவர், அவ்வளவுதான். இது எங்கட ஆக்கள் அன்புக்குச் சொல்லுற கதை."

அவ தோட்டத்துக்குள் இறங்கி நடந்தா. நடந்து நடந்து, இருட்டுப்படத்தான் வந்து டின்னை மூடினா.

கண்காட்சியன்றைக்கும் அதே நடைதான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. தொப்பி போட்ட ஒரு வயதான வெள்ளைக்காரர் என் கணவரின் படத்துக்கு முன்னால் நின்று தலையை ஆட்டினார். "இதில் இந்த ஓவியருடைய தந்தை நிறைய இருக்கிறார்."

அவ படத்தைக் கழற்றப்போகிறவ மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு வந்தா. அதற்குள் இவர் குறுக்கே போய்விட்டார்.

"ஐயா, வடிவாப் பாருங்கோ. இது நான். இவவின்ர அப்பா என்னைக் கண்டதே இல்லை. கண்டிருந்தா மற்றச் சொக்ஸையும் கழட்டச் சொல்லியிருப்பார்."

அந்த மனிதர் இவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "நீங்களேதான். சரியான களைப்பில் இருந்திருக்கிறீர்கள், என்ன?" பிறகு கனநேரம் அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கதையை எடுக்கவே இல்லை.

அவ கோட்டைக் கழற்றி இவரின் கையில் குடுத்தா. நடை மட்டும் நிற்கவில்லை.