மூச்சு மிஸ் எடுத்த ஸ்கிப்பிங் பாடம்

மூன்றாம் வகுப்பு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மூச்சு மிஸ். வகுப்பறை மேல்மாடியில். படிக்கட்டின் ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் படிப்பதுபோல் நின்று இளைப்பாறிவிட்டுத்தான் ஏறுவார். அந்தப் பள்ளியில் அறிவிப்புகளை ஒன்றுவிடாமல் படித்த ஒரே ஆள் அவர்தான். மேலிடம் எதைச் சொன்னாலும் பாடமாக எடுத்துவிடுவார். மரம் நடச் சொன்ன வருடம் நடுவதற்கு இடமில்லை. பிள்ளைகளை மரம் வரையவைத்து முடித்தார்.

இந்த வருடம் ஸ்கிப்பிங் கயிறு வந்தது. பிள்ளைகள் ஆசையாகத் தாண்டினார்கள். அதோடு விட்டிருக்கலாம். தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

“சுற்றறிக்கை வந்திருக்கு. பிள்ளைங்க குதிச்சா மட்டும் போதாதாம். அதனால சமூக ஆரோக்கியத்துல என்ன தாக்கம்னு அவங்களுக்கே பாடம் எடுக்கணுமாம். அடுத்த வாரம் அதிகாரி வந்து கேட்பார்.”

“தாக்கம் ஏதாவது இருக்கா மேடம்?”

“நீங்க பாடம் எடுங்க, வந்துடும்.”

மிஸ் வகுப்பில் போய்க் கேட்டார்: “சமூகம்னா என்ன?”

“சமூக அறிவியல் புத்தகம் மிஸ்.”

“இல்லம்மா. உங்க வீட்ல இருக்கிறவங்க, மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு எல்லாம் சேர்ந்ததுதான் சமூகம். நீங்க கயிறு தாண்டினா அவங்களுக்கும் நல்லது.”

“நாங்க தாண்டினா அவங்களுக்கு எப்படி மிஸ் நல்லது?” என்றாள் முன்வரிசைச் சிறுமி.

அதற்குச் சுற்றறிக்கையில் பதில் இல்லை. மிஸ், “அவங்களையும் தாண்ட வைங்க” என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

பிள்ளைகளுக்கு அந்த வயதில் மிஸ் சொன்னால் சொன்னதுதான், மறுபேச்சில்லை. அன்று மாலை பள்ளியை ஒட்டிய அடுக்குமாடி வீடுகள் அதிர்ந்தன. வக்கீல் ஒருவர் மகளுக்காகக் குதித்ததில் கூரைக் காரை பெயர்ந்து கீழ்வீட்டுக் கணக்கரின் டீயில் விழுந்தது. பஸ் டிரைவர் சுழற்றிய கயிற்றில் டியூப்லைட் போனது. தையல்காரர் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார்.

வார இறுதியில் மிஸ்ஸின் நாத்தனார் வீட்டுக்கு வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். தெருமுனை கிளினிக்கில் அவள்தான் நர்ஸ்.

“அண்ணி, உங்க ஸ்கூல்ல என்ன நடக்குது? வர்றவங்க எல்லாம் நொண்டிக்கிட்டு வர்றாங்க. கேட்டா, ‘மிஸ் சொன்னாங்க’ங்கறாங்க. கட்டுத்துணி தீர்ந்துபோச்சு.”

மிஸ்ஸின் கணவர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், “நல்லவேளை, உன் சமூகத்துல நான் இல்ல” என்றார்.

மறுநாளே மிஸ் தையல்காரரின் கடைக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். காலை முக்காலியில் நீட்டியபடி அவர், “விடுங்க மிஸ். நான் விழுந்ததைப் பார்த்து எம்பொண்டாட்டி வாய்விட்டுச் சிரிச்சா. கல்யாணத்துக்கு அப்புறம் இப்பதான்” என்றார்.

அதிகாரி உதவியாளரோடு வந்தார். “கயிறு தாண்டினதால உங்க தெருவுல என்ன மாற்றம்?”

“கீழ் வீட்டு அங்கிள் தினமும் கிளினிக் போறார் சார்.”

“எங்கப்பாவும் போறார். முன்னாடி போனதே இல்ல.”

மிஸ் தரையைப் பார்த்தார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. உதவியாளரிடம், “எழுதிக்கோங்க. மருத்துவ வசதியைப் பயன்படுத்துவோர் அதிகரிப்பு” என்றார். பிறகு, “அக்கம்பக்கத்தில பேசிக்கிறாங்களா?”

“எங்கம்மா மேல் வீட்டு ஆன்ட்டிகிட்ட தினமும் பேசறாங்க சார். சத்தமா.”

“சமூக உறவு மேம்பாடு.”

“சார், அவங்க எல்லாம் சுளுக்கிக்கிட்டு...” என்று மிஸ் ஆரம்பிக்க, தலைமையாசிரியைக்கு இருமல் வந்துவிட்டது.

“அடக்கமா பேசறீங்க. நல்ல டீச்சருக்கு அதான் அழகு” என்றார் அதிகாரி.

அந்த மாதமே வட்டாரப் பள்ளிகள் அனைத்துக்கும் மிஸ்ஸைப் பயிற்சியாளராக்கினார்கள். பயிற்சியன்று இனியும் மறைப்பதற்கில்லை என்று தோன்றியது அவருக்கு. மேடையேறி, காரை விழுந்ததையும் கால் சுளுக்கியதையும் கிளினிக் நிரம்பியதையும் உள்ளது உள்ளபடி சொன்னார். யாரும் அதிர்ச்சி அடையவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியர் பணிவாகக் கையைத் தூக்கினார்.

“மேடம், கட்டுத்துணி ஸ்கூல் வாங்கணுமா, இல்ல மேலிடமே அனுப்பிடுமா?”