மீசை வைத்த பிரெஞ்சுக்காரன்

எங்கள் லாரியின் பின்பக்கம் ஒரு பிரெஞ்சு ரேஸ்காரனின் முகம் இருக்கிறது. வரையச் சொன்னவள் நான். என் வளையல்களை விற்ற பணமும் அந்த லாரிக்குள் போயிருந்ததால் என் வீட்டுக்காரரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஆனால் பெயிண்டர் தன் இஷ்டத்துக்கு அவனுக்கு முறுக்கு மீசை வைத்துவிட்டார். மீசையில்லாத டிரைவரை நாமக்கல்லில் யார் நம்புவார்கள் என்பது அவர் கேள்வி. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் பட்டறைப் பக்கமே போகவில்லை.

அவனை நான் செல்போனில்தான் கண்டுபிடித்தேன். பொடியனாகக் குட்டிக் கார் ஓட்டத் தொடங்கி, படிப்படியாக ஏறி, பெரிய அணியில் இடம்பிடித்தவன். அந்த அணி பாதி சீசனிலேயே அவனைக் கழற்றிவிட்டு, பழைய சின்ன அணிக்கே திருப்பி அனுப்பியது. அவன் யாரையும் திட்டவில்லை. அடுத்த பந்தயத்துக்கு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். அவனுக்கும் சேர்த்து நான் திட்டினேன். அவன் நாட்டில் அவனுக்காகக் கொடி பிடிக்கக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் இருந்தார்கள். எங்கள் ஊர் எருமப்பட்டியில் நான் ஒருத்திதான்.

வீட்டுக்காரருக்கு அந்தப் பந்தயம் ஓட்டமாகவே தெரியவில்லை. சரக்கும் ஏற்றாமல், எந்த ஊருக்கும் போய்ச் சேராமல், ஒரே இடத்தைச் சுற்றுவதற்கு எதற்கு இத்தனை அவசரம் என்பார். சுங்கச்சாவடியில் நிற்கும்போதெல்லாம் பின்னாலிருப்பது உங்கள் மாமனாரா என்று கேட்டுக் கேலி செய்கிறார்களாம். கடைசியில் ஒரு கெடு வைத்தார்.

"எப்.சி.க்குள்ள ஒரு தடவ செயிக்கட்டும். இல்லீனா அந்த எடத்துல மயிலு."

வருஷத்துக்கு ஒருமுறை எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க, லாரியைப் பட்டறையில் விட்டுப் புதிதாகப் பெயிண்ட் அடிப்போம். அதற்கான நாளும் வந்தது, அவன் ஜெயித்தபாடில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெயிண்டர் உப்புத்தாளை எடுத்து அவன் நெற்றியிலிருந்து தேய்க்கத் தொடங்கினார். நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு, அன்றைய பந்தயத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாக்குக் கொடுத்தாயிற்று, தடுக்க முடியாது. அழுகையாக வந்தது.

ஒரு கண் போயிருந்தது. அப்போது முன்னால் ஓடியவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, போனில் அவன் முதல் ஆளாக வந்தான். கையை நிறுத்தும்படி பெயிண்டரிடம் கத்தினேன். ஏன் வேலை நின்றது என்று பார்க்க வந்த வீட்டுக்காரர் என் தோளுக்குப் பின்னால் நின்றுவிட்டார். இன்னும் ஐந்து சுற்று. பின்னாலிருந்து ஒருவன் ஒட்டிக்கொண்டே வந்தான். ஒட்டி வந்த அந்தக் காரைப் பார்த்ததுமே வீட்டுக்காரருக்குள் இருந்த டிரைவர் விழித்துக்கொண்டார்.

"சைடு குடுக்காத சாமி," என்றார், என்னிடம் அல்ல, போனிடம். "உள்பக்கம் அணைச்சே போ."

அவன் அணைத்தே போனான். ஒரு கார் இடைவெளிகூட இல்லாமல் ஜெயித்தான். நான் குதித்த குதியில் பெயிண்ட் டப்பா கவிழ்ந்தது. வீட்டுக்காரர் லாரியில் ஏறி ஏர் ஹாரனை அழுத்த, பட்டறை மொத்தமும் வெளியே ஓடி வந்தது. அந்தக் கார் எந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை.

பரிசு மேடையில் அவன் ஹெல்மெட் இல்லாமல் நின்றான். மழமழவென்ற அந்த முகத்தைப் பார்த்த பெயிண்டருக்குச் சங்கடமாகிவிட்டது. அழித்ததைத் திரும்ப வரையும்போது மீசையை எடுத்துவிடட்டுமா என்று என்னிடம் தயங்கிக் கேட்டார். நான் லாரியை அண்ணாந்து பார்த்தேன். ஒற்றைக் கண்ணோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"வேண்டாங்கண்ணா," என்றேன். "இன்னுங் கொஞ்சம் முறுக்கி உடுங்க."