தண்ணீரில் ஊறிய குதிரை

கொளஞ்சியண்ணனைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதி குறைந்த ஆள் விருத்தாசலத்தில் கிடையாது. ஒன்பது வருஷமாக அவர் பொத்திப் பொத்திக் காத்த பொருளை ஒரே மத்தியானத்தில் தண்ணீரில் முக்கியவள் நான். ஆனாலும் நான்தான் சொல்வேன். வேறு யாராவது சொன்னால் என் மேல் பழியைப் போட்டுவிட்டு அதோடு எழுந்து போய்விடுவார்கள்.

அவர் கம்மாபுரம் பக்கத்துக்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் எங்கள் பீங்கான் கம்பெனியில் சேர்ந்தார். கோப்பையிலும் தட்டிலும் பூப்படம் ஒட்டுகிற பிரிவு அவருடையது. படங்கள் மெட்ராஸில் ஓர் அச்சகத்திலிருந்து தாளாக வரும். தாளைத் தண்ணீரில் ஊறப்போட்டால் படம் மட்டும் தாளை விட்டு வழுக்கிக்கொண்டு வரும். அதைக் கோப்பையின் மேல் தள்ளி, ஈரத்தை ஒற்றி எடுத்துச் சூளைக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. இப்படி ஆயிரக்கணக்கான ரோஜாப்பூவை ஒட்டிய மனுஷனுக்குப் பூவின் மேல் ஆசை இல்லை. அவருக்கு ஆசையெல்லாம் படக்கதையின் மேல்தான்.

அந்தக் காலத்தில் மெட்ராஸிலிருந்து ஒரு சிறுவர் வார இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் ‘தபால்கார வீராயி’ என்று ஒரு தொடர். வீராயி குதிரையில் ஏறி மலைக்கிராமங்களுக்குத் தபால் கொண்டு போவாள். வழியில் வெள்ளம் வரும், திருடன் வருவான், புலி வரும். வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் கொளஞ்சியண்ணன் ஜங்ஷன் புத்தகக் கடைக்குப் போய் அதை வாங்கி, அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மீசை நரைக்கிற வயதில் பொம்மைக் கதையா என்று எல்லோரும் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் வாங்கவே மாட்டார்.

அறுபத்தைந்தில் ஒரு நாள் மெட்ராஸ் பார்சலைப் பிரித்தபோது, பூப்படத் தாள் மடங்காமல் இருப்பதற்காக மேலும் கீழும் வைத்திருந்த கெட்டி அட்டையைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். வீராயி! இதழில் வருவதைப் போல இரண்டு மடங்கு பெரிதாக, மையால் கையால் வரைந்த படம். பென்சில் கோடு இன்னும் தெரிகிறது. தப்பான இடத்தில் வெள்ளைச் சாயம் பூசியிருக்கிறது. பேச்செல்லாம் தனித்தனிச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதே அச்சகத்தில்தான் இதழும் அச்சாகியிருக்கிறது. படத்தை அச்சடிக்கப் பிளாக் எடுத்த பிறகு மூலப் படத்துக்கு அங்கே மதிப்பில்லை, பார்சலுக்கு முட்டுக்கொடுக்க ஆகிவிட்டது.

அவர் சூப்பர்வைசரிடம் கேட்டு அதை எடுத்துக்கொண்டார். அதற்குப் பதிலாக ஜவுளிக்கடை அட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். அதன் பிறகு ஒவ்வொரு பார்சலையும் அவர்தான் பிரிப்பார். ஒரு பார்சலில் இரண்டு வரும், ஆறு மாதம் ஒன்றுமே வராது. எழுபத்தொன்றில் அந்த இதழ் நின்றுபோகும்வரை முப்பத்தேழு அட்டை சேர்ந்தது.

அவர் வீட்டு ஓடு ஐப்பசி வந்தால் ஒழுகும். அதனால் அட்டைகள் கம்பெனியிலேயே, சூளைச் சுவருக்குப் பின்னால் எப்போதும் கதகதப்பாக இருக்கிற ஓர் அலமாரியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் பட்டர் பேப்பர், மூலைக்கு மூலை வசம்பு, மேலே கீழே பிளைவுட் பலகை. மாதத்துக்கு ஒரு தரம் எடுத்து நிழலில் பரப்பிக் காற்றாட வைப்பார். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு செய்திருப்பாரா என்று திரௌபதி அண்ணியைத்தான் கேட்க வேண்டும். அண்ணி அவருடைய சம்சாரம்.

நான் அந்தப் பிரிவுக்கு வந்தது எழுபத்துமூன்றில்தான். அதுவரை கோப்பை விளிம்பு தேய்த்துக்கொண்டிருந்தேன். வந்த முதல் வாரமே, “அண்ணே, அலமாரில என்னா வச்சிருக்கிறீங்க?” என்று கேட்டேன்.

“என் காயிதம். ஒனக்கு எதுக்கு?”

அவ்வளவுதான் பதில். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒன்றும் தெரியாதவளிடம் விளக்கிச் சொன்னால் குறைந்தா போய்விடுவார்? சொல்லியிருந்தால் பின்னால் அந்தக் கூத்தே நடந்திருக்காது. பாதித் தப்பு அவருடையது என்று இன்றைக்கும் சொல்வேன்.

எழுபத்துநாலில் அவருக்கு மெட்ராஸிலிருந்து ஒரு கார்டு வந்தது. வீராயியை வரைந்த ஓவியர் சாமிதுரை எழுதியிருந்தார். கொளஞ்சியண்ணன் மூன்று வருஷமாக யார் யாருக்கோ எழுதி விசாரித்து, கடைசியில் ஒரு கடிதம் சாமிதுரை கைக்குப் போயிருக்கிறது. ஓவியர் இப்போது வேறோர் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலையில் இருக்கிறாராம். ‘பதினான்கு வருடம் வரைந்தேன். என் கையால் வரைந்த தாள் ஒன்றுகூட என்னிடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன்’ என்று எழுதியிருந்தார். கொளஞ்சியண்ணன் அந்தக் கார்டை எனக்கே நாலு தரம் படித்துக் காட்டினார். அலமாரியில் இருப்பது படங்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“எல்லாத்தையும் அவருகிட்ட குடுத்துடுவீங்களா?” என்றேன்.

“அவருது. குடுக்காம?” என்றார். ஆனால் முகம் செத்துப்போயிருந்தது.

எனக்குப் பாவமாகிவிட்டது. அந்தப் பாவம்தான் என்னை ஆட்டி வைத்தது. படம் போனாலும் அண்ணனுக்கு நினைவாக ஏதாவது இருக்கட்டும் என்று யோசித்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவர் வண்டி நேரம் விசாரிக்க ஸ்டேஷனுக்குப் போன நேரத்தில், விளிம்பு கோணலான மூன்று பெரிய தட்டுகளை எடுத்துத் துடைத்து வைத்தேன். அலமாரியைத் திறந்தேன். மேலாக இருந்த மூன்று அட்டைகளை எடுத்தேன். வெதுவெதுப்பாகத் தண்ணீர் வைத்து, மூன்றையும் தொட்டியில் போட்டேன்.

சிரிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த உலகத்தில் அந்த அச்சகத்திலிருந்து வருகிற படம் எல்லாம் தண்ணீரில் போட்டால் வழுக்கிக்கொண்டு வரும். இது கொஞ்சம் தடிமன், கூட நேரம் ஊறணும் என்று மட்டும் நினைத்தேன்.

பேச்சுச் சீட்டுகள் முதலில் கழன்று மிதந்தன. ஆகா, படம் கழல ஆரம்பித்துவிட்டது என்று எனக்குச் சந்தோஷம்! கட்டைவிரலால் குதிரையை மெல்லத் தள்ளினேன். நகரவில்லை. இன்னும் அழுத்தித் தள்ளினேன். குதிரை அசையவில்லை, ஆனால் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. வெடுக்கென்று கையை வெளியே இழுத்தேன்.

“பாஞ்சால.”

என் பேர் கேட்டுத் திரும்பினால் வாசலில் கொளஞ்சியண்ணன். கையில் புதிதாக வாங்கிய பட்டர் பேப்பர் சுருள்.

“தட்டுல ஒட்டித் தரலாம்னு...” என்றேன். 

அவர் திட்டவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. தொட்டிக்குப் பக்கத்தில் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். நான் பதறிப்போய்த் தொட்டியைச் சாய்க்கப் போனேன்.

“தண்ணிய ஊத்தாத! சீட்டெல்லாம் போயிரும்,” என்று கத்தினார்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியின் நுனியை நனைத்து, வீராயியின் தலைமுடி மேல் பூப்போல ஒற்றினார். துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். திரும்ப ஒற்றினார், திரும்பப் பார்த்தார். 

“மை போகல, பாஞ்சால,” என்றார். “ஒரு பொட்டுகூடப் போகல.”

ஐயோ சாமி, அந்த நிமிஷத்தில் நான் விட்ட மூச்சு ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும். ஓவென்று அழுதுவிட்டேன். “அப்பறம் அழுவலாம், பலகைய எடு,” என்றார். ஊறின அட்டையைக் கையால் தூக்கினால் கிழிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் அடியில் பலகையை நுழைத்துத் தூக்கினோம். களிமண் ஈரத்தை உறிஞ்சுவதற்கு எங்களிடம் பிளாஸ்டர் பலகைகள் உண்டு. பழைய வேட்டித் துணிக்கு நடுவில் அட்டையை வைத்து, மேலும் கீழும் அந்தப் பலகையைப் போட்டு அழுத்தினோம். பலகை ஈரமாக ஆக மாற்றிக்கொண்டே இருந்தோம். பொழுது சாயும்போது மூன்று அட்டையும் சுருக்கமில்லாமல் காய்ந்துவிட்டன. பழைய அழுக்குப் போய் முன்னைவிடப் பளிச்சென்றுகூட இருந்தன.

சீட்டுகள் பத்தொன்பது. எது எங்கே என்று அவருக்கு மனப்பாடம். ‘ஐயோ!’ என்று மட்டும் மூன்று சீட்டு இருந்தது. அதில் எந்த ஐயோ திருடனுடையது, எந்த ஐயோ வீராயியுடையது என்றுகூட அவர் சொல்லச் சொல்ல நான் மைதா பசையில் ஒட்டினேன்.

எல்லாம் முடிந்ததென்று நிமிர்ந்தபோதுதான் மூன்றாவது அட்டையைப் பார்த்தோம். வீராயியின் குதிரை வெள்ளத்தைத் தாண்டுகிற படம். வெள்ளைச் சாயம் கரைந்துபோன இடத்தில் இன்னொரு கால் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். குதிரைக்கு அஞ்சு கால்! சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரித்து முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

“வெள்ளைக் களிமண்ணுதான் இருக்குதே, கொஞ்சம் கொழைச்சிப் பூசிடலாமா அண்ணே?”

“அவரு படத்து மேல நம்ம கையா? கூடாது. தப்புன்னா தப்புன்னு சொல்லிடுவோம்.”

சொல்லிடுவோம் என்றாரே தவிர, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதினான்கு வருஷம் வரைந்தும் கையில் ஒரு தாள்கூட இல்லாத மனுஷன் வருகிறார், அவருக்கு இப்படியா கொடுப்பது? சாமிதுரை ஐயா ஒல்லியாக, தோளில் துணிப்பையோடு வந்தார். அண்ணன் வீட்டுக் கூடத்தில் வெள்ளை வேட்டியை விரித்து முப்பத்தேழு அட்டைகளையும் வைத்திருந்தோம். ஐயா ஒவ்வொன்றாக எடுத்து, மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். குதிரை அட்டை வர இன்னும் நாலு அட்டை இருக்கும்போதே என்னால் தாங்க முடியவில்லை.

“ஐயா, மூணு அட்டைய நாந்தான் தண்ணியில போட்டுட்டேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்லிங்க. திட்டுறதுன்னா என்னையத் திட்டுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். எழுந்து குதிரை அட்டையை எடுத்தார். விரலை வைத்து எண்ணினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டே போனேன். பார்த்தால் சிரிப்பு! கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிக்கிறார்.

“இந்தக் காலால நான் பட்ட பாடு இருக்குதே! ‘யோவ், குதிரை வரையச் சொன்னா பூரான் வரைஞ்சிருக்கிறியே’ன்னு ஆசிரியர் ஆபீஸ் முழுக்கக் கேக்கக் கத்தினாரு. அவரு எதுருல உக்காந்துதான் வெள்ளை அடிச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “பயப்படாதம்மா. இது அரக்குப் போட்ட மை. ஒழுகுற வூட்ல உக்காந்து வரைஞ்சவன் நானு. தண்ணிக்குப் போற மைய வாங்குவனா?”

கொளஞ்சியண்ணன் எல்லாவற்றையும் அடுக்கி அவர் பக்கம் தள்ளினார். “எல்லாம் உங்களுதுங்க ஐயா. எடுத்துக்கிட்டுப் போங்க.” வாய்தான் சொன்னது. கை அட்டையை விட்டு வரவில்லை. சாமிதுரை ஐயா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் ஒண்டுக் குடித்தனத்துல இருக்கிறன், கொளஞ்சி. மாசாமாசம் எடுத்து நெழல்ல போட எடமும் இல்ல, பொறுமையும் இல்ல. இங்கயே இருக்கட்டும். தண்ணியில வுழுந்தாலும் காப்பாத்துறீங்களே, வேற யாருகிட்ட குடுப்பேன்? இருக்குதுன்னு தெரிஞ்சா போதும். இந்தக் குதிரைய மட்டும் குடுங்க.”

அண்ணன் முகத்தில் ரத்தம் திரும்பி வந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் மனசு கேட்காமல், “அதுல தப்பு தெரியுதுங்களே ஐயா, வேற நல்லதா ஒண்ணு எடுத்துக்குங்க. இல்லன்னா வெள்ளை வாங்கியாரேன், நீங்களே பூசிடுங்க,” என்றார்.

“வேணாம். எனக்கு ஒரு மவ இருக்கிறா, எட்டு வயசு. ஒரு கோடு கோணலாப் போனா நோட்டக் கிழிச்சிப் போட்டுட்டு, ‘அப்பாவுக்கு மட்டும் தப்பே வராது’ன்னு அழுவுறா. இதக் குடுத்து எண்ணச் சொல்லணும்.”

அண்ணன் அந்த அட்டைக்கு மட்டும் இரண்டு பட்டர் பேப்பர் சுற்றி, பலகை வைத்துக் கட்டினார். கட்டும்போது ஏதோ பாட்டை முணுமுணுத்தார். அவர் பாடி அன்றைக்குத்தான் கேட்டேன். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து நான் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கத்தை விட்டு உள்ளே போய்த் திரௌபதி அண்ணியிடம் சோறு கேட்டேன்.