கங்காணியின் மானமும் முத்தம்மாவின் வயிறும்

போன வாரம் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கொக்கிப்புழுச் சோதனை செய்கிற டாக்டர் என் சிநேகிதர். "பதுளைக் கடையில ஈ ஓட்டுறதுக்குப் பதிலா என்னோட வாருமேன் ஓய்" என்றார். போனேன். மாட்டுவண்டியில் இடுப்பு கழன்றதுதான் மிச்சம்!

சோதனை லேசானது. ஆளுக்கு ஒரு சின்ன டப்பா. அவரவர் மலத்தில் கொஞ்சம் வைத்துக் கொடுத்தால், டாக்டர் மைக்ராஸ்கோப்பில் புழு முட்டை தேடுவார்.

தேடினார். கூலியாட்களை வேலை வாங்கும் ராமசாமிக் கங்காணியின் ஆட்கள் அத்தனை பேருக்கும் புழு! ஒருவர் பாக்கியில்லை.

மறுநாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்திலேயே மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். கொழுந்து பறிக்கும் முத்தம்மாவின் முறை. கோப்பையை வாங்கியவள் குடிக்காமல் டாக்டரைப் பார்த்தாள்.

"சாமி, வயித்துல புள்ள இருந்தா இதக் குடிக்கலாமுங்களா?"

"ஐயையோ, கூடாதும்மா! முன்னமே ஏன் சொல்லல?"

"முந்தி உண்டானது எதுவும் தங்கலைங்க. கண்ணு படும்னு யாருகிட்டயும் மூச்சு விடல. அதோட... அந்த டப்பாவுல இருந்தது என்னோடது இல்லைங்க."

எல்லோரும் கங்காணியைப் பார்த்தார்கள். கங்காணி தலைப்பாகையைச் சரி செய்தார்.

"நம்ம ஆளுகளுக்குப் பூச்சின்னு தொரை காதுக்குப் போனா என் மானம் என்னங்க ஆவுறது? மாடசாமி கல்லு மாதிரி ஆளு. அதான், எல்லா டப்பாவுலயும் அவனோடதையே வைக்கச் சொன்னேன்."

அந்தக் கல்லுக்குள்தான் புழு மண்டிக் கிடந்திருக்கிறது! விழுந்து விழுந்து சிரித்தேன். முத்தம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கங்காணியின் மானத்துக்கு ஒரு பிள்ளையா விலை? பாவி மனுஷா!

டாக்டர் மருந்தை நிறுத்தினார். புழு வெறுங்கால் வழியாக ஏறுவதையும், இரத்தம் உறிஞ்சுவதையும், மருந்து யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்பதையும் பொறுமையாக விளக்கினார்.

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

"சொல்லியிருக்கணும்தான் ஓய்" என்றார். நல்ல மனுஷர்.

அதற்கடுத்த நாள் அவரவர் டப்பா வந்தது. பல பேருக்குப் புழுவே இல்லை. முத்தம்மாவுக்குக் கொஞ்சம் இருந்தது.

"பிரசவத்துக்கு அப்புறம் மருந்து எடுக்கலாம்மா. அதுவரைக்கும் கீரை, பருப்பு நல்லா சாப்பிடணும். மூச்சு வாங்கினா, தலை சுத்தினா உடனே வரணும். நீ என்ன சொல்ற?"

நீ என்ன சொல்ற... எந்த டாக்டராவது உங்களை இப்படிக் கேட்டதுண்டா? என்னை யாரும் கேட்டதில்லை.

முத்தம்மா நிதானமாக யோசித்தாள்.

"புள்ள மொதல்ல வரட்டும் சாமி. பூச்சி இத்தன நாளு குடியிருந்துச்சு, இன்னும் கொஞ்ச நாளு இருந்துட்டுப் போவட்டும்."

"ஆமாங்க, அதான் சரி. நானும் என்ன சொல்றேன்னா..." என்று கங்காணி ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க கங்காணி ஐயா! என் வயித்துக்கு நான் சொல்லிக்கிறேன்."