நாளுக்கு நாள் கிட்டே வந்த குரல்

செயற்கைக்கோளுக்குப் போர்வை தைக்கிற வேலை என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். டெய்லரம்மாவின் கணவரே நம்பவில்லை. "அங்க யாருக்கு குளிருது?" என்று கேட்டுவிட்டு, அவள் சிரிக்காததைப் பார்த்த பிறகுதான் உண்மையென்று ஒப்புக்கொண்டார்.

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவள் அதுவரை ஒரு கம்பெனியில் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். கம்பெனியை மூடிய பிறகு, நுணுக்கமாகத் தைக்கத் தெரிந்தவர்கள் தேவை என்று விண்வெளிக் கூடத்தில் கேட்டார்கள். போனாள், சேர்த்துக்கொண்டார்கள். மேலே வெயில் படுகிற பக்கம் பொசுங்கும், நிழல் பக்கம் உறைந்துபோகும். அதனால் உலோகப் பூச்சுப் பூசிய மெல்லிய தாள்களை, நடுநடுவே வலைத்துணி வைத்து, அடுக்கடுக்காகத் தைத்துச் செயற்கைக்கோளுக்குப் போர்த்துவார்கள். ஊசி தப்பாக இறங்கினால் அந்தத் துளை வழியாகச் சூடு கசியும், பிரித்துத் தைக்கவும் முடியாது. அறைக்குள் போகுமுன் வளையலைக் கழற்றி, முகத்துப் பவுடரைத் துடைத்து, தலைமுடியைத் தொப்பிக்குள் அடக்கி, வெள்ளை அங்கி மாட்டவேண்டும். கல்யாணப் பெண் புறப்படக்கூட இவ்வளவு நேரம் ஆகாது என்பாள்.

அவர்களுக்கு ஒரே பெண். தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். யாரைப் பார்த்தாலும் அவர்களைப் போலவே பேசிக்காட்டுவாள். முக்கியமாக அப்பாவை. அவர் ஒவ்வொரு நடை முடிந்ததும் பணிமனையிலிருந்து வீட்டுக்குப் போன் போடுவார். "சாப்பிட்டாச்சா? கேஸ மூடியாச்சா? கதவப் பூட்டியாச்சா?" என்று மூச்சுவிடாமல் கேட்டுவிட்டு, பதில் முடிவதற்குள் வைத்துவிடுவார். அந்தக் கரகரப்பு, அந்த அவசரம் எல்லாவற்றையும் அப்படியே பிடித்து அவள் சோற்றுத் தட்டின் முன்னால் பேசிக்காட்டுவாள். அவர் கோபப்படுவதுபோல முறைப்பார். பாதியிலேயே சிரித்துவிடுவார்.

பொறியியல் படிக்கப் போனவள், தோழிகள் மூன்று பேரோடு சேர்ந்து ஒரு சின்னச் செயற்கைக்கோள் செய்தாள். மேசையில் வைத்தால் ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுதான் இருக்கும். ஒரு பெரிய செயற்கைக்கோள் போகிற ராக்கெட்டில் ஒட்டிக்கொண்டு போகப்போகிறது என்றாள். "மடியில வச்ச பிள்ளைக்கு டிக்கெட் கிடையாதுன்னு சொல்லு" என்றார் அப்பா. அதைச் சொல்லிச் சொல்லிப் பணிமனையில் எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

"உங்க பெட்டிக்கும் ஒரு போர்வை தச்சுத் தரட்டுமா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்கு எதுக்கும்மா போர்வை? ரெண்டு மூணு வருசத்துல எரிஞ்சுபோற பொருளுக்கு."

அம்மாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. வாயைக் கழுவு என்று அதட்டினாள். வாயாடி விடவில்லை, உட்காரவைத்து விளக்கினாள். அவ்வளவு உயரத்திலும் காற்று அடியோடு இல்லாமல் போய்விடாதாம். ஏதோ கொஞ்சம் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அது லேசாக இழுத்துப் பிடிக்கும். பாதை துளித்துளியாகக் கீழே இறங்கும். இறங்க இறங்கக் காற்று கனக்கும், இன்னும் வேகமாக இறங்கும். பெரிய செயற்கைக்கோளில் எஞ்சின் இருக்கிறது, இறங்கும்போதெல்லாம் உந்தி மேலே ஏற்றிவிடுவார்கள். இவர்கள் பெட்டியில் எஞ்சின் இல்லை. விட்டது விட்டதுதான், கடைசியில் காற்றில் உரசி எரிந்துபோகும்.

பெட்டி வேலைசெய்கிறது என்று தரையிலிருக்கிறவர்களுக்குத் தெரிய ஒரு ஒலி வேண்டும். வெறும் பீப் எதற்கு என்று நான்கு பேரும் ஆளுக்கொரு வரி பேசிப் பதிவுசெய்தார்கள். மாறிமாறி ஒலிக்கும். தான் என்ன பேசினாள் என்று வாயாடி வீட்டில் சொல்லவில்லை. "மேல போனதும் கேட்டுக்கோங்க" என்றாள்.

பெட்டியை ஏவுதளத்துக்கு அனுப்பிய வாரம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வருகிற காய்ச்சல் போலத்தான் ஆரம்பித்தது. பிறகு ஆளை அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தாள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் மருத்துவமனையில். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவளுக்கு இருபத்தொரு வயது.

ராக்கெட் போனதை அவர்கள் பார்க்கவில்லை. தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருந்ததை டெய்லரம்மா எழுந்துபோய் அணைத்தாள்.

சில வாரம் கழித்து, பெட்டி செய்த தோழிகளில் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். ஒல்லி என்று கூப்பிடுவார்கள். உட்காரச் சொன்னால் உட்காராமல், கைப்பை வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். பெட்டி வேலைசெய்கிறது என்றாள். கல்லூரி மொட்டைமாடியில் நின்றால் கேட்கிறது, நான்கு குரலும் வருகிறது, நீங்கள் கேட்க விரும்பினால் அழைத்துப்போகிறேன் என்றாள்.

அப்பா தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "அது எரிஞ்சு விழுந்துரும்னு அவளே சொன்னா. ஒரு தடவ எரிச்சுட்டு வந்துட்டேன்மா. ரெண்டாவது தடவ என்னால ஆகாது" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டெய்லரம்மா போனாள்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒல்லி மீன்முள் போன்ற ஓர் ஆன்டெனாவைக் கையில் பிடித்து, வானத்தின் ஓரத்தை நோக்கி நீட்டினாள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு பீப். பிறகு யாரோ ஒரு பெண் கல்லூரியின் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி வணக்கம் சொன்னாள். அதற்கடுத்து, இரைச்சலுக்கு நடுவே, கரகரப்பாக, மூச்சுவிடாமல்:

"நான் மேலதான் இருக்கேன். கீழ எல்லாரும் சாப்பிட்டாச்சா? கேஸ மூடியாச்சா? கதவப் பூட்டியாச்சா?"

டெய்லரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒல்லி அழுதபடியே ஆன்டெனாவை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்தாள். நகர்த்தாமல் நின்றால் குரல் போய்விடும்.

அன்று வீட்டுக்கு வந்தபோது கணவர் சோறு வடித்து வைத்திருந்தார். என்ன கேட்டாய் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவருடைய குரலில், அவருடைய வார்த்தையில் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். நேராகக் கேட்டால் கேட்கட்டும், தன் வாயால் சொல்லிக் கெடுக்கக்கூடாது என்று மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய நாட்கள் அந்தப் பெட்டியின் வரவைச் சுற்றியே ஓடின. சில வாரம் காலையில் வரும், சில வாரம் சாயங்காலம். வேலை நேரத்தில் வந்தால் விட்டுவிடவேண்டியதுதான். மற்ற நேரமென்றால் பேருந்து பிடித்துப் போய்விடுவாள். கல்லூரி வழியாகப் போகிறது கணவர் ஓட்டுகிற பேருந்துதான். அவள் முன்வாசல் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பாள். கல்லூரி நிறுத்தத்தில் இறங்குவாள். இறங்கி நடப்பதை அவர் பக்கக் கண்ணாடியில் பார்ப்பார். கதவை மூடுவார். வண்டி போய்விடும். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. ஒரு வீட்டில், ஒரு துக்கத்துக்கு இரண்டு பேரும் இரண்டு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள். சண்டை எதுவும் இல்லை. அவள் தாமதமாக வந்தால் குழம்பைச் சூடுபண்ணி வைப்பார். பேச்சு மட்டும் அந்தப் பக்கம் போகாது.

கூடத்தில் வேலை எப்போதும்போல நடந்தது. அங்கே அவள் தைத்தவை எல்லாம் மிகமிக உயரத்துக்குப் போகிறவை. எவ்வளவு காலம் இருக்கும் என்று கேட்டதற்கு, அங்கேயிருந்து விழவே விழாது, நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் சுற்றும் என்றார் ஒரு மேலதிகாரி. அவருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். அவள் தலையை ஆட்டிவிட்டு ஊசியில் நூல் கோத்தாள்.

இரண்டாவது வருஷம் ஒல்லி ஒரு மாற்றத்தைக் கவனித்தாள். கணக்குப் போட்டுவைத்த நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே பெட்டி வர ஆரம்பித்தது. பாதை இறங்கினால் சுற்று சின்னதாகும், சீக்கிரம் சுற்றிவிடும், அதனால்தான் முந்திக்கொண்டு வருகிறது என்றாள். அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, இவ்வளவு வேகமாக இறங்குவது. சூரியனுக்குச் சீற்றம் கூடுகிற காலம் ஒன்று உண்டாம். அப்போது மேல்காற்று சூடேறி, அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி மேலெழும். காற்றே இல்லாதிருந்த உயரத்துக்கும் காற்று வந்துவிடும். இந்தத் தடவை கணக்குப் போட்டதைவிடப் பலமாகப் பொங்கிவிட்டது.

"இன்னும் ஒரு வருசம் இருக்கும்னு நெனச்சோம் ஆன்ட்டி. இருக்காது போல" என்றாள்.

அந்த மாதங்களில் நடந்ததைத்தான் டெய்லரம்மாவால் தாங்க முடியவில்லை. பெட்டி இறங்க இறங்கக் குரல் தெளிந்தது. முன்பு இரைச்சலுக்குள் தேடவேண்டியிருந்த குரல் இப்போது அடுத்த அறையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது. ஆனால் கீழே வந்துவிட்டதால் வானத்தைச் சீக்கிரம் கடந்தது. வந்தது தெரிவதற்குள் அடிவானத்தில் மறைந்துவிடும். முன்பு ஒரு வரவில் மூன்று நான்கு தடவை கேட்ட வரி, இப்போது ஒரு தடவை, அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு தடவை.

ஒருநாள் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கணவரிடம் சொன்னாள்.

"நாளுக்கு நாள் அவ குரல் கிட்ட வருதுங்க. இருமல்கூடக் கேக்குது. பேசி முடிக்கும்போது லேசா ஒரு இருமல்."

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"இன்னும் எத்தன நாளு?"

"அடுத்த வாரம் நடுவுல போயிரும்னு ஒல்லி சொல்றா."

அவர் கை கழுவ எழுந்தார். மறுநாள் சாயங்காலம் பணிமனையிலிருந்து வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், வாசலில் நின்றே சொன்னார். "வெள்ளிக்கிழம லீவு போட்டுட்டேன். எத்தன மணிக்குன்னு அந்தப் பொண்ணுகிட்ட கேட்டு வை."

அந்த இரண்டு மூன்று நாளும் அவர் வேறு ஆளாக இருந்தார். முடிவெட்டிக்கொண்டார். வெள்ளைச் சட்டையை அவரே தேய்த்து மாட்டினார். மகள் போன பிறகு பணிமனையில் அவள் பேச்சையே எடுக்காதவர், என் பொண்ணு பேசுறதக் கேக்கப்போறேன் என்று கூட வேலைசெய்கிறவர்களிடம் சொன்னாராம். அவர்கள் என்ன சொல்வதென்று தெரியாமல் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்தார்களாம்.

வியாழக்கிழமை மதியம் டெய்லரம்மா அங்கியைக் கழற்றிவிட்டுச் சாப்பிட வெளியே வந்தபோது, கூடத்து வாசலில் ஒல்லி நின்றுகொண்டிருந்தாள். காவலாளியின் நாற்காலியைப் பிடித்தபடி நின்ற விதத்திலேயே தெரிந்துவிட்டது.

"காலைல வரல ஆன்ட்டி. அடுத்த சுத்துலயும் வரல. நேத்து சூரியன்ல பெருசா ஒரு சீற்றம். போட்ட கணக்குக்கு முந்தியே போயிருச்சு."

எங்கே விழுந்தது என்று கேட்டாள். எங்கேயும் விழவில்லை, அவ்வளவு சின்னப் பெட்டி தரைவரைக்கும் வராது, ஏதோ ஒரு கடலுக்கு மேலே காற்றிலேயே முடிந்திருக்கும் என்றாள் ஒல்லி. டெய்லரம்மா கேட்டுக்கொண்டாள். உள்ளே போய் மறுபடி அங்கியை மாட்டிக்கொண்டு, அன்றைய தையலை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். விட்டிருந்தால் நடுவில் வேறொருத்தி கை வைக்கவேண்டியிருக்கும், அது கூடாது.

கணவரிடம் சொன்னபோது அவர் தேய்த்த சட்டையைப் பார்த்தார்.

"லீவு போட்டாச்சு. போய்ட்டு வருவோம்" என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் மொட்டைமாடியில் நின்றார்கள். பெட்டி உயிரோடு இருந்திருந்தால் எந்த நேரத்தில் எந்த ஓரத்தில் எழும்பியிருக்குமோ, அந்த ஓரத்தை நோக்கி ஒல்லி ஆன்டெனாவை நீட்டினாள். கருவியில் இரைச்சல் வந்தது. இல்லாத ஒன்றைத் தொடர்ந்து அவள் கை வானத்தின் குறுக்கே மெதுவாக நகர்ந்து, அந்தப் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கியது. அவர் கடைசிவரை காதைக் கொடுத்துக் கேட்டார்.

"என்ன சொல்வா?" என்று மனைவியிடம் கேட்டார்.

டெய்லரம்மா சொன்னாள். மகள் மாதிரி கரகரப்பாகச் சொல்ல வரவில்லை. சாதாரணமாக, மெதுவாக, ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னாள்.

அவர் முகத்தைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"என்னய மாதிரியா பேசுனா?"

"உங்கள மாதிரியேதாங்க."

"இத ஏன் நீ சொல்லவே இல்ல?"

நேராகக் கேட்கட்டும் என்று இருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரைக் குத்தியதாக ஆகிவிடும். முதன்முதல் குரலைக் கேட்ட நாளில் அவள் உட்கார்ந்த அதே இடத்தில் அவர் வெள்ளைச் சட்டையோடு தரையில் உட்கார, அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒல்லி கருவியை அணைத்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். மகள் போன பிறகு அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.

ஒல்லி எல்லா வரவையும் பதிவுசெய்து வைத்திருந்தாள். கடைசியாக, மிகத் தெளிவாகக் கேட்ட நாளின் பதிவை அவருடைய போனுக்கு அனுப்பினாள். அவர் அதை இன்றுவரை திறக்கவில்லை. போன வருஷம் போன் பழுதாகிப் புதிதாக வாங்கப்போனபோது, படம், எண்கள், மற்ற எதையும் பற்றிக் கேட்காமல், அந்த ஒன்றை முதலில் மாற்றித் தரச்சொல்லிக் கடைக்காரர் பக்கத்திலேயே நின்றாராம். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கக் கடைக்காரர் அதைத் தொடப்போனபோது, அவசரமாகக் கையை நீட்டித் தடுத்துவிட்டார்.