திருப்பித் தட்டும் நடைமேம்பாலம்

புறநகர் ஸ்டேஷன் நடைமேம்பாலம், தட்டினால் திருப்பித் தட்டுகிறது என்று ஒரு பேச்சு. டீக்கடையில் சொன்னபோது யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயிலில் பெண்கள் பெட்டிக்குள் அந்தப் பேச்சு ஏறிய பிறகுதான் அது உண்மையாயிற்று. கடைசியில் இன்ஜினியர் வரைக்கும் போய், அவர் டொக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு சோதிக்கக் கிளம்பினார்.

பாலங்களைத் தட்டிப் பார்ப்பதுதான் டொக்கு அக்காவின் பிழைப்பு. இரும்புத் தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணியின் தலையில் சின்னச் சுத்தியலால் ஒன்று வைப்பாள். கணீரென்றால் நல்லது, டொக்கென்றால் கழன்றது. கல்யாணமான புதிதில் மாமியாரின் பாத்திரங்களையும் தட்டிப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவள். ஆனால் போன மாதம் ஆபீஸ் டாக்டர், இவள் காதில் சந்தேகம் என்று எழுதிவிட்டார். இனி இல்லாத சத்தம் கேட்டதாகச் சொன்னால் போதும், சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு ஃபைல் அறையில் உட்காரவைத்துவிடுவார்கள். அதற்குச் செத்துப்போகலாம் என்பது அவள் கட்சி.

ஊர் ஆற்றுக்கு முதலில் இருந்தது மரப்பாலம். அதை வெள்ளம் கொண்டுபோயிற்று. அடுத்து வந்த இரும்புப் பாலத்தை வெள்ளத்தால் அசைக்க முடியவில்லை, கமிட்டியால் முடிந்தது. கான்கிரீட் பாலம் எழும்பியதும், நல்ல இரும்பை வீணாக்குவானேன் என்று பழையதில் ஒரு துண்டைக் கழற்றி ஸ்டேஷனில் மாட்டினார்கள். பச்சை பெயிண்ட் அடித்து, ‘புதிய நடைமேம்பாலம்’ என்று கல்வெட்டும் வைத்தாயிற்று. கீழே ஓடுவது ஆறா ரயிலா என்று இரும்புக்குத் தெரியவா போகிறது?

ஆற்றின் மேல் இருந்த காலத்தில், பனியில் எதிர்க்கோடி தெரியாது. அதனால் தட்டுகிறவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. தன் பாதியை முடித்தவர் இரண்டு தட்டு தட்டுவார். எதிராள் ஒரு தட்டு தட்டிய பிறகே இறங்கலாம். பதில் வராமல் இறங்கக் கூடாது. ஸ்டேஷனிலும் நடுவே விளம்பரப் பலகை மறைப்பதால் ஏற்பாடு தொடர்ந்தது.

இன்ஜினியர் சோதிக்க வந்த அன்று எதிர்க்கோடியில் தட்ட வேண்டியவன் அவளுடைய கொழுந்தன். இரண்டு ரயில்களுக்கு நடுவே ஆளில்லாத நேரம். அக்கா தன் பாதியை முடித்தாள், எல்லாம் கணீர். இரண்டு தட்டினாள். அந்தக் கோடியிலிருந்து ஒன்று வந்தது. இறங்கினாள். கீழே கொழுந்தன், டீ கிளாஸும் கையுமாக.

“ஏம்பா, அதுக்குள்ள எப்படி இறங்கின?”

“ஏறினாத்தானே அண்ணி இறங்குறதுக்கு? இதைக் குடிச்சுட்டு வர்றேன்.”

“அப்ப பதில் தட்டினது யாரு?”

“அதைக் காது டாக்டர்கிட்ட கேளுங்க.”

அவன் சிரித்தான். அவள் மறுபடி ஏறி, அந்தக் கோடி வரைக்கும் நடந்தாள். யாரும் இல்லை. மழையே காணாத மாதத்தில் கைப்பிடி சில்லென்று நனைந்திருந்தது. குனிந்து பார்த்தாள். தண்டவாளம், ஜல்லி, ஒற்றைச் செருப்பு. சத்தம் மட்டும் ஆற்றுச் சத்தம்.

அப்போது, அவள் விட்டுவந்த கோடியிலிருந்து இரண்டு தட்டு. அவசரமே இல்லாமல். முடிச்சாச்சு, இறங்கட்டுமா என்று கேட்கிற தட்டு.

பழக்கத்தில் கை சுத்தியலை ஓங்கிவிட்டது.

“என்னம்மா, ஏதாவது கேக்குதா?” பிளாட்பாரத்திலிருந்து இன்ஜினியர் அண்ணாந்து பார்த்தார்.

மறுபடி இரண்டு.

“எனக்கு ஒண்ணும் கேக்கலியே!”

ஓங்கிய கையை மெல்ல இறக்கி, சுத்தியலைப் பைக்குள் போட்டாள். “எனக்கும் இல்ல சார். எல்லாம் கெட்டி.”

வேலை தப்பியது. காது பழுதில்லை என்று டாக்டரும் எழுதிவிட்டார். ஒரே ஒரு தட்டுதானே, ஆளில்லாத நேரமாகப் போய்த் தட்டிவிட்டு வரலாம் என்று அவள் நினைப்பதுண்டு. தட்டினால் அது இறங்கிவிடும். இறங்கி எங்கே போகும் என்று யோசித்ததும், கை வருவதில்லை. அந்த ஒரு தட்டு இன்னும் பாக்கி.